அதுவாக உதிரட்டும்

ஜூன் 15, சனி

டாக்டர் ரெஹானா சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். முகத்தில் என்ன பூசினேன், எரிச்சல் இருந்ததா, வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தினமும் ஒரு வரி எழுதிவைத்தால் போதும் என்றார். திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியில் அவருடைய கிளினிக். முப்பத்திரண்டு வயதுகூட இருக்காது. ஜன்னலுக்கு நேராக என்னை உட்காரவைத்து, கழுத்து நீண்ட விளக்கு ஒன்றை முகத்துக்கு அருகில் இழுத்துப் பார்த்தார்.

"மங்குதான் டீச்சர். எத்தனை வருஷமா இருக்கு?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மணச்சநல்லூரில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாதி ஊர் அதைத்தான் பூசுகிறது. அவர் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின்மேல் நகத்தை வைத்துக் காட்டினார். ஸ்டெராய்டு.

"இதை ஒரு சில வாரத்துக்கு மேல போடக் கூடாது. அதுவும் டாக்டர் சொன்னாத்தான். நீங்க?"

"ஒன்றரை வருஷம்."

"டீச்சர்னு சொன்னீங்கல்ல, என்ன சப்ஜெக்ட்?"

"கெமிஸ்ட்ரி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

கெமிக்கல் பீல் செய்யலாம் என்றார். அமிலத்தை அளவோடு தடவி, தோலின் இறந்த மேலடுக்கைக் கழற்றுவது. அதோடு மேலாக இருக்கும் கருமையும் கொஞ்சம் வந்துவிடும். ஆழத்தில் இருப்பது வராது. "வெள்ளையாக்கறது இல்ல இது. முழுசாப் போயிடும்னும் சொல்ல மாட்டேன். வெயில்ல அலைஞ்சா திரும்ப வரும்."

"என்ன ஆசிட்?"

"பயப்படாதீங்க, கரும்புல இருக்கறதுதான்."

"கிளைக்கோலிக்கா? எத்தனை சதவீதம்? பிஹெச் எவ்வளவு?"

விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். "இதைக் கேட்ட முதல் பேஷண்ட் நீங்கதான்."

மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மூன்று அல்லது நான்கு முறை வர வேண்டும். அதற்கு முன் மூன்று வாரம் தோலைப் பக்குவப்படுத்த வேண்டும். பழைய க்ரீமை நிறுத்தியதும் முகம் முதலில் இன்னும் மோசமாகும், பயப்படக் கூடாதாம்.

"ஏதாவது தேதி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். ஆவணி கடைசியில."

அதற்காகத்தான். அத்தை என்று மேடையில் நிற்க வேண்டியிருக்கும். போட்டோ எடுப்பார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

சன்ஸ்க்ரீன் காலை, மதியம். எரிச்சல் இல்லை. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, ஆள் வந்து வாஷர் மாற்றினார். வீட்டுக்காரர் குவைத்திலிருந்து பேசினார், நான்கு நிமிடம். நெட் சரியில்லை, வீடியோ வேண்டாம் என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

டாக்டர் சொன்னதுபோலவே ஆகிவிட்டது. க்ரீமை நிறுத்திய ஒரு வாரத்தில் முகம் செங்கல்லாகச் சிவந்து, மங்கு இன்னும் கருத்துத் தெரிகிறது. இரண்டு கன்னத்திலும், மேலுதட்டிலும், நெற்றியிலும். யாரோ ஈரக் காப்பித்தூள் கையால் என் முகத்தைப் பிடித்துத் தூக்கியதுபோல.

மாவரைத்தேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் அபிநயா கூப்பிட்டாள். வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தச் செட்டிங்கை ஆஃப் பண்ணிட்டியா என்ன?" என்றாள்.

அந்தச் செட்டிங்கைப் பற்றி எழுதிவிடுகிறேன். டிசம்பர் விடுமுறையில் அவள்தான் என் ஃபோனில் போட்டுவிட்டாள். அதைப் போட்டால் வீடியோவில் முகம் சலித்த மாவுபோல ஒரே சீராகிவிடும். மங்கு இருக்காது, கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்காது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அன்று அவர் பேசும்போது, "என்ன டீச்சர், இளைச்சு அழகாயிட்டே?" என்றார். அதற்குப் பிறகு நான் அதை அணைக்கவில்லை.

அவர் குவைத்தில் ஏ.சி. குழாய் வேலைக்கு ஃபோர்மேன். பதினான்கு வருடம். கடைசியாக வந்துபோய் மூன்று வருடம் ஆகப்போகிறது. அப்போது எனக்கு மங்கு இல்லை. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுவதாக ஏப்ரலில் சொன்னார்.

மே 26ஆம் தேதி லால்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். என் ஃபோனில் சார்ஜ் இல்லை. அவர் அண்ணன் ஃபோனுக்கு வீடியோ கால் போட்டார். அண்ணி ஃபோனைக் கொண்டுவந்து கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பகல் பன்னிரண்டு மணி. அண்ணன் ஃபோனில் எந்தச் செட்டிங்கும் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். பேச வாயெடுத்தார். பேசவில்லை. பிறகு, "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர் வீடியோவில் வரவில்லை. நெட் சரியில்லை என்கிறார். இருக்கலாம்.

இதற்கும் நான் டாக்டரிடம் போனதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 6, சனி

முதல் பீல்.

தலைமுடியை ஒரு தொப்பிக்குள் தள்ளிப் படுக்கவைத்தார்கள். ஸ்பிரிட் வாசம் அடிக்கும் திரவத்தால் நர்ஸ் முகத்தைத் துடைத்தாள். எண்ணெய்ப்பசை இருந்தால் அமிலம் ஒரே சீராக இறங்காது. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் எல்லாம் வாஸ்லின். கண்ணின்மேல் ஈரப் பஞ்சு. பிறகு டாக்டர் பிரஷ்ஷால் நெற்றியில் தொடங்கினார். மூக்கு, கன்னம், தாடை. சில்லென்று இருந்தது, உடனே எறும்பு ஊர்ந்தது, பிறகு எறும்பு கடித்தது.

"பத்துக்கு எத்தனை எரியுது டீச்சர்?"

"நாலு."

"இப்போ?"

"ஆறு. நேரம் என்ன ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம். நீங்க எண்ணாதீங்க, நான் எண்ணிக்கறேன்."

சிறிய விசிறியால் நர்ஸ் வீசினாள். மூன்றாவது நிமிடத்தில் வேறொரு திரவத்தைத் தடவினார்கள். காதோரத்தில் நுரை பொங்கும் சத்தம் கேட்டது. சோடா உப்புக் கரைசல். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். என் கன்னத்தில் நடப்பது இதுதான் முதல் தடவை.

பிறகு குளிர்ந்த துணி. டாக்டர் விரலால் ஏதோ தடவிக்கொண்டிருந்தார். பஞ்சுக்கு அடியில் இருட்டில், இன்னொருவர் விரல் என் முகத்தில் இவ்வளவு நேரம் இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

லேசாகச் சிவப்பு. துப்பட்டாவை முகத்தில் சுற்றி, கண் மட்டும் தெரிய, ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போனேன். வாசலில் ஃபிலோமினா டீச்சர், "என்ன கெமிஸ்ட்ரி, எந்த பேங்க்கைக் கொள்ளையடிக்கக் கெளம்பிட்டீங்க?" என்றார். இயற்பியல் எடுக்கிறவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், எதையும் விட மாட்டார். ஆசிரியர் அறையில் துப்பட்டாவை எடுத்ததும் பார்த்துவிட்டார். சொன்னேன்.

"அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கா?"

"ஆமா."

"பொண்ணுக்கா அத்தைக்கா கல்யாணம்?"

சிரித்துவிட்டேன். சிரித்தால் உதட்டோரம் இழுக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

எரிச்சல் இல்லை. பொடிப்பொடியாக உதிர்ந்து நின்றுவிட்டது. முருங்கையில் கம்பளிப்பூச்சி, ஆள் வைத்துப் புகை போட்டேன்.

அவர் பேசினார். பின்னால் நான்கைந்து பேர் பேசும் சத்தம். "எடோ, அடுப்பு ஒழிஞ்ஞோ?" என்று யாரோ மலையாளத்தில் கத்தினார், அடுப்பு காலியா என்பதுபோல. என்ன சத்தம் என்று கேட்டேன். டி.வி. என்றார். கம்பெனி கொடுத்த தனி அறையில்தான் இருக்கிறார். டி.வி. வாங்கியதாக எப்போதும் சொன்னதில்லை. சாப்பிட்டீர்களா என்றேன். ஆயிற்று என்றார். சாம்பாரா குழம்பா என்று கேட்டதற்கு யோசித்துத்தான் பதில் சொன்னார். என்னிடம் பேசும்போது இப்போதெல்லாம் அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

வீடியோவில் வரட்டுமா என்று நானே கேட்டிருக்கலாம்.

ஜூலை 27, சனி

இரண்டாவது பீல். முதலில் இருபது சதவீதம், இன்று முப்பத்தைந்து. எரிச்சல் ஏழு. பிறகு கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். நெற்றியில் இருந்தது நன்றாக மங்கிவிட்டது. கன்னத்தில் ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிளஸ் டூ ஆய்வகம். உப்புப் பகுப்பாய்வு. எல்லோரும் கைகழுவிப் போன பிறகு கனிமொழி மட்டும் நின்றாள். நல்ல கருப்பு, நல்ல மூளை.

"மிஸ், ஆசிட் வெச்சா கலராகலாமாமே. நீங்க வெச்சிருக்கீங்களாம். எங்கம்மா கேக்கச் சொன்னாங்க."

"கலருக்கு இல்லடா. இது மங்கு, ஒரு நோய் மாதிரி. உனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லையே. வீட்ல எதையாவது வாங்கிப் பூசிடாதே, வெந்துடும்."

"சரி மிஸ்."

போய்விட்டாள். நான் சொன்னது முழுக்க உண்மைதான். ஆனாலும் சோதனைக் குழாய்களைக் கழுவும்போது, 'அழகாக வேண்டும் என்பதற்காக இல்லை' என்று அந்தப் பெண்ணிடம் என்னால் சொல்ல முடியவில்லையே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் செப்டம்பர் மூன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். குரலில் சந்தோஷம் இல்லை. களைப்பாக இருக்கலாம். பதினான்கு வருடம் இருந்த இடத்தை விட்டு வருகிறார்.

அல்லது வருகிற இடத்தை நினைத்திருக்கலாம்.

டாக்டரிடம் ஃபோனில் பேசினேன். மூன்றாவது பீல் கொஞ்சம் அழுத்தமானது, வேறு அமிலம். மூன்று நான்கு நாளில் நன்றாக உரியும், பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்.

"செப்டம்பர் மூணுக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"கல்யாணம் ஆவணி கடைசின்னு சொன்னீங்களே? அது செப்டம்பர் பாதியிலல்ல வருது?"

"அதுக்கு முன்னாடி வீட்ல ஒரு விசேஷம் இருக்கு."

"சரி, பதினேழாம் தேதி வாங்க. தாராளமா டைம் இருக்கு."

ஆகஸ்ட் 17, சனி

எரிச்சல் எட்டு. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த அமிலத்துக்குக் காரம் தேவையில்லை, தோலில் வேலையை முடித்துத் தானே அடங்கிவிடும். கன்னத்தில் பனி படிந்ததுபோல லேசான வெண்மை பூத்தது. அதுதான் அடையாளமாம். சிறிது நேரத்தில் மறைந்தது.

டாக்டர் மூன்று முறை சொன்னார்: "தோல் ப்ரௌனாகிக் காயும், வெடிக்கும், தொங்கும். பாக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்கும். கை துறுதுறுங்கும். பிய்க்கக் கூடாது. அதுவா உதிரட்டும். அவசரப்பட்டுப் பிய்ச்சா அந்த இடம் மறுபடி கருத்துடும், அப்புறம் இவ்வளவும் வீண்."

ஒரு வாரம் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முகம் முழுக்கக் காய்ந்த சருகு. வாயோரம் வெடித்துவிட்டது. தோசை மெல்ல முடியவில்லை, கஞ்சி குடித்தேன். வீட்டில் யாரும் இல்லாதது நல்லது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அவர் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

பதினொரு மணிக்குக் கேட்டைத் தட்டும் சத்தம். சிலிண்டர்காரர் என்று நினைத்தேன். முகமெல்லாம் வாஸ்லின், தாடையில் உரிந்த தோல் துண்டுதுண்டாகத் தொங்குகிறது, பழைய நைட்டி, தலையில் துண்டு. சிலிண்டர்காரர்தானே, அவர் எப்போது நிமிர்ந்து பார்த்தார் என்று போய்க் கதவைத் திறந்தேன்.

நின்றுகொண்டிருந்தவர் அவர். நரைத்து, கழுத்தெலும்பு தெரிய, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை.

எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து வருகிற ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு தேதியைச் சொல்லிவிட்டு முன்னாலேயே வந்து நிற்பது. மனைவி கத்துவதையும் அழுவதையும் யாராவது வீடியோ எடுப்பார்கள், அது எல்லோருடைய ஃபோனுக்கும் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செப்டம்பர் மூன்று என்று அவர் சொன்னதை அப்படியே நம்பி நாளைக் கணக்கிட்டிருக்கிறேன்.

நான் கத்தவில்லை. அவர்தான் கத்தினார்.

"ஐயோ! என்னம்மா ஆச்சு? அடுப்பு வெடிச்சுதா?"

ஓடிப்போய்க் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டேன். பையைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே வந்தார்.

"சுகந்தி, கதவைத் திற. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. ஆட்டோ கூட்டிட்டு வரட்டுமா?"

"ஆஸ்பத்திரியிலதாங்க பண்ணாங்க!"

"என்ன பண்ணாங்க?"

குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்து நான் பாடம் நடத்தினேன். மேலடுக்கு, நிறமி, அமிலத்தின் அடர்த்தி, பத்து நாள்.

"ஆசிட்டு. மூஞ்சில. நீயா போய் ஒக்காந்தே."

"ஆமா."

"யாரும் புடிச்சு வெச்சுச் செய்யல."

"இல்லீங்க."

பிறகு, "சரி, வெளியில வா. எனக்கும் அவசரம். ஏர்போர்ட்லேருந்து அடக்கிட்டு வந்திருக்கேன்" என்றார்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். மூன்று வருடம் கழித்து நாங்கள் சந்தித்தது இப்படித்தான்.

வரும்போதெல்லாம் இரண்டு பெரிய அட்டைப்பெட்டி இருக்கும். கயிறு கட்டி, பச்சை மையில் பெயர் எழுதி. இந்த முறை இல்லை. "கார்கோல வருது" என்றார், நான் கேட்காமலேயே. முன்னாலேயே வந்ததற்கு, "சும்மா, சர்ப்ரைஸ்" என்றார். சர்ப்ரைஸ் கொடுக்கிறவர் முகமாக அது இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

கன்னத்திலிருந்து பாதி உரிந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். கூடத்து ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மேல்தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். அடுத்து என்ன வேலை என்று தேடுகிறார். ஃபோன் வந்தால் மாடிக்குப் போய்விடுகிறார்.

மதியம் சோறு போடக் குனிந்தபோது என் தாடையை நோக்கி அவர் கை வந்தது.

"தொடாதீங்க!"

"தொங்குதேம்மா. சின்னதா ஒரு இழு இழுத்தா வந்துடும்."

"வரும். அந்த இடம் கருத்துடும். அதுவா உதிரட்டும்."

அடி வாங்கிய பையன்போலக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சரி டீச்சர்."

அவருடைய பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம். கூட வேலை செய்கிற தஞ்சாவூர்க்காரர் நம்பர் என்னிடம் இருக்கிறது, கேட்கலாம். ஏன் இப்படி வந்தீர்கள் என்று நேராக அவரிடமே கேட்கலாம்.

கேட்கவில்லை. அவர் சொல்லப்போவது என் முகத்தைப் பற்றியதாக இருந்தால், அது இன்றே தெரிய வேண்டும் என்றில்லை.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் தலையணை உறையில் தோல் துகள். அவர் பார்ப்பதற்குள் உதறிவிட வேண்டும் என்று வந்தால், அவரே உறையைக் கழற்றி வாசலில் உதறிக்கொண்டிருந்தார்.

"குளிக்கறதுக்கு முன்னாடி பூசணும்னியே, அது எங்க?"

"நானே பூசிக்கறேன்."

"ஒக்காரு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். வாஸ்லினை எடுத்து விரல்நுனியில் வைத்துக்கொண்டு என் முகத்தருகே வந்தவர் நின்றுவிட்டார். விரலைத் தன் கன்னத்திலேயே தேய்த்துப் பார்த்தார்.

"தகரம் புடிச்ச கை. சொரசொரன்னு இருக்கு. பிய்ச்சு விட்டுடப்போவுது."

பிறகு கையைத் திருப்பி, சுண்டுவிரலின் புறப்பக்கத்தால் தடவினார். அங்கே மட்டும் தோல் மிருதுவாக இருந்தது. நெற்றி, மூக்குத் தண்டு, கன்னம். டாக்டர் செய்த அதே வரிசையில்தான் செய்தார், அவருக்கு யார் சொன்னார்களோ. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எரிச்சலா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணில் நீர் வந்ததற்கு வாஸ்லின் காரணமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சொல்லிவிட்டார்.

வெயில் ஏறுவதற்கு முன் மாடியில் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. முறுக்கிக்கொண்டே இருந்தவர் நிறுத்தாமல் சொன்னார்.

"கம்பெனிய மே மாசமே மூடிட்டான் சுகந்தி."

நானும் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நம்ம தஞ்சாவூர்க்காரன் ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டேன். எட்டுப் பேரு. கட்டிலுக்கு மேல கட்டிலு. கெடைச்ச வேலைக்குப் போனேன், ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. செப்டம்பர் வரைக்கும் எப்படியாவது தள்ளிட்டு, மரியாதையா பொட்டி கட்டிட்டு வரலாம்னு பார்த்தேன். முடியல. கார்கோல ஒண்ணும் வரலம்மா."

போர்வையிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கள் காலில் விழுந்தது.

"அதனாலதான் வீடியோல வரலையா?"

"எப்படி வருவேன்? பின்னால எட்டுப் பேரு துணி தொங்குது. நீ ஒண்ணைப் பார்த்தா ஒம்பதைக் கேப்பே."

நான் கேட்டேன். மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"லால்குடில அண்ணன் ஃபோன்ல பேசினீங்களே. மே கடைசியில. என்னைப் பார்த்ததும் ஒண்ணும் சொல்லாம வெச்சுட்டீங்க."

"அன்னிக்குத்தான் நோட்டீஸ் ஒட்டினான். உன்கிட்ட சொல்லணும்னு கூப்பிட்டேன். எடுத்தது உங்க அண்ணி. சுத்தி எல்லாரும் இருந்தாங்க. அப்புறம் நீ வந்தே. நீ நல்ல வெயில்ல நின்னுட்டிருந்தே, கண்ணு கூசிச்சு உனக்கு. நெழலுக்குப் போம்மான்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். தொண்டையை அடைச்சுடுச்சு. அழுதா உங்க அண்ணி கேட்டுடுவாளேன்னு வெச்சுட்டேன்."

நிழலுக்குப் போ. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். நான் மூன்று முறை அமிலத்தில் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. சிரித்தேன். வாயோரம் வெடித்த இடத்தில் சுரீரென்றது. வேலை போனதைச் சொன்னால் இவள் சிரிக்கிறாளே என்று அவர் போர்வையின் முனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அழுதேன். அவர் மூன்று மாதம் எட்டுப் பேர் நடுவில் படுத்துக்கொண்டு சாம்பார் சாப்பிட்டேன் என்று சொன்னதற்காக. அப்போது நான் இங்கே கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததற்காக.

"என் சம்பளம் இருக்குல்ல. அபிக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்றேன்.

"அதான் கூசுது."

"கூசட்டும். எனக்கும் நாலு நாளா கூசிட்டுத்தான் இருக்கு. போர்வையை விரிங்க, காயட்டும்."

ஆகஸ்ட் 28, புதன்

நேற்றும் இன்றும் பள்ளிக்குப் போனேன். ஃபிலோமினா டீச்சர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "புது வண்டி மாதிரி இருக்கீங்க, நம்பர் பிளேட் மட்டும் பழசு" என்றார். வீட்டுக்காரர் வந்துவிட்டதைச் சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். என் கையைப் பிடித்து அழுத்தினார். கிண்டல் செய்யவில்லை.

அவர் திருச்சியில் ஒரு ஏ.சி. சர்வீஸ்காரரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்களாம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

சாயங்காலம் காது மடலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் துணுக்கும் முகம் கழுவும்போது தானாகப் போய்விட்டது. துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சுகந்தி, இதெல்லாம் யாருக்காகப் பண்ணே?"

அண்ணன் பெண் கல்யாணம் நாக்கு நுனிவரை வந்தது.

"உங்களுக்காகத்தான்."

இதை இந்த நோட்டில்கூட நான் எழுதியிருக்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். என்னவோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பையைத் துழாவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில், ஒரு கால் உடைந்து நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி.

"வெள்ளெழுத்து வந்துடுச்சு. ஒரு வருஷமாச்சு. தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுது, கிட்டத்துல இருக்கறதுதான் கலங்கலாத் தெரியுது. உன்கிட்ட சொல்லல, கெழவன்னு சொல்லுவே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு எதிரே என்னை உட்காரவைத்துத் தானும் முட்டி இடிக்க உட்கார்ந்தார். விண்ணப்பப் படிவத்தைப் படிக்கிறவர்போல மேலிருந்து தொடங்கினார். நெற்றியைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். மூக்குத்திக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றார். இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு அருகில், எந்தப் பஞ்சும் துண்டும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அமிலத்தைவிடக் கடினமாகத்தான் இருந்தது. பத்துக்கு ஒன்பது என்று சொல்லலாம்.

"இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார், வலது கன்னத்தைச் சுண்டுவிரலால் தொடாமல் காட்டி.

"இருக்கும். முழுசாப் போகாதுன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் இதைவிட ஜாஸ்தி."

"காட்டு."

முகத்தைத் திருப்பிக் காட்டினேன்.